இரண்டு வயது வித்தியாசம்

தலையைத் தொடக் கூடாது என்று சலூன்காரன் இசக்கி சொல்லிவிட்டுப் போன நொடியிலிருந்து தலையில் அரிக்காத இடமே இல்லை. அதற்கு முன்பு எனக்கு உச்சந்தலை என்று ஒன்று இருப்பதே நினைவில் இருந்ததில்லை. காதுக்கு மேலே எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. எறும்பு இல்லை, சாயம்தான், சாயத்துக்குக் கால் கிடையாது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் ஊர்கிறது. மூக்குக் கண்ணாடியையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டான், பிரேம் பட்டுச் சாயம் கலைந்துவிடுமாம். முப்பது வருடத்துக்கு மேலாகப் பிழை திருத்திப் பிழைக்கிறவனைக் கண்ணாடி இல்லாமல் நாற்காலியில் உட்கார வைப்பது தவில்காரனின் கையைக் கட்டிப்போட்டுக் கல்யாண வீட்டில் உட்கார வைப்பது மாதிரி. எதிர்ச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் எங்கள் அச்சகத்தில் அடித்ததுதான். இன்றைய தாள் வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறது, நடுவில் சிவப்பாக ஒரு கறை, ஆகவே ஞாயிற்றுக்கிழமை. படிக்கத் தேவையில்லை. இந்த ஆண்டின் எல்லாத் தாள்களையும் போன ஆண்டே படித்து முடித்தவன் நான். ஞாயிறு, எமகண்டம் பகல் பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. அது தொடங்குவதற்குள் முதலாளியைப் பார்த்துவிட வேண்டும், அதற்குமேல் அவர் எந்த நல்ல காரியமும் பேச மாட்டார், எமகண்டத்தை அச்சடித்து விற்பவரே அதை மதிக்காவிட்டால் எப்படி. அதற்குள் இந்தத் தலை காய வேண்டும், கழுவ வேண்டும், என் அக்கா தெய்வானை கோவில்பட்டியில் பஸ் ஏறிச் சிவகாசி வந்து சேர வேண்டும், வந்து முதலாளி முன்னால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தம்பிக்குச் சான்றிதழில் போட்டிருப்பதைவிட இரண்டு வயது குறைவு. அவ்வளவுதான் வாக்கியம். மனதுக்குள் பலமுறை திருத்திப் பார்த்துவிட்டேன், ஒற்று சரி, பொருள் சரி. அதன் விலை இரண்டு வருடச் சம்பளம்.

சாயம் என் யோசனை அல்ல. செண்பகவல்லி நேற்றுச் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே என் தலையைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் தலையை அப்படிப் பார்த்ததில்லை, விலை விசாரிக்கிற பார்வை. "வயசு குறைவுன்னு சொல்லப் போறீங்க, தலை மட்டும் நான் ரிட்டயராகி ரொம்ப நாளாச்சுன்னு சொல்லுதே" என்றாள். நான் உண்மை உண்மைதான், அதற்கு மை பூச வேண்டியதில்லை என்றேன். "உண்மைக்கு வேண்டாம், உங்க மண்டைக்கு வேணும். இசக்கிகிட்டப் போயிட்டு வாங்க." இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் ரசத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். நான் உண்மையிலேயே சான்றிதழைவிட இளையவன் என்றால், இளையவனாகத் தெரிவதற்கு எதற்குப் பொய்த்தலை? உண்மைச் சாட்சிக்குப் பொய் வேடம் போட்டுக் கூட்டிப்போவதை எந்த நீதிநூல் ஒத்துக்கொள்ளும்? இந்த மாதிரிக் கேள்விகள்தான் எனக்கு எப்போதும் நேரத்துக்கு வரும், பணம் வராது. கழுத்தில் ஒரு சொட்டு இறங்குகிறது. இசக்கி, இசக்கி என்கிறேன், அவன் பக்கத்து நாற்காலியில் தாலுகா ஆபீசில் ரிட்டயரான கந்தவேல் சாருக்குத் தாடையில் நுரை போட்டுக்கொண்டே, "ஆடாம இருங்க அண்ணாச்சி, ஆடினா காதெல்லாம் கறுப்பாயிரும், அப்புறம் காதுக்கு மட்டும் பதினெட்டு வயசு" என்கிறான்.

காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. அவன் எப்போதும் ஒரு வருடம் முன்னால் இருப்பான். ஊர் இந்த வருடத் தீபாவளிக்குப் பட்டாசு கட்டிக்கொண்டிருக்கும்போது அவன் அடுத்த தீபாவளி என்ன கிழமை என்று தெரிந்துவைத்துச் சலித்துப் போயிருப்பான். பிரதோஷம், கிருத்திகை, கரிநாள், எல்லாம் வருவதற்கு முன்பே பழசு. போன வருடத் தை மாதம் இந்த வருடத்தின் மே மாதத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது கடைசித் தாளில் கை நின்றுவிட்டது. எங்கள் அச்சகத்தில் ஐம்பத்தெட்டு முடிந்தால் வீட்டுக்கு. சான்றிதழில் என் பிறந்தநாள் ஜூன் ஒன்று, பள்ளிக்கூடத்தில் தேதி தெரியாமல் சேர்க்கப்பட்ட பாதி நாட்டுக்கு அதுதான் பிறந்தநாள். ஆக அந்த மே மாதக் கடைசித் தாள் என் கடைசி வேலைநாள், நானே அதில் உட்கார்ந்து பிழை பார்க்கிறேன். பிழை இல்லை. கீழ்நோக்கு நாள் என்று போட்டிருந்தது. கிணறு வெட்டவும் கிழங்கு நடவும் உகந்தது. என்னிடம் கிணறு வெட்ட நிலம் கிடையாது, இருக்கிற மனையில் தண்ணீர் கிடையாது, மனையைப் பற்றி இப்போது வேண்டாம். அந்தத் தாளின் அடியில் வழக்கமாகப் பொன்மொழி வரும் இடத்தில், இந்த முறை வேறு சமாச்சாரம். ஒரு நிதி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப் பெரிய ஆர்டர் போட்டிருந்தது, பொன்மொழிக்குப் பதிலாகத் தினம் ஒரு சேமிப்புக் குறிப்பு வேண்டும் என்றது. குறிப்புகள் எங்கிருந்தோ மொழிபெயர்த்து வந்திருந்தன, எல்லா 'உங்கள்'-உம் 'உங்களின்' என்று இருந்தது, ஒவ்வொன்றாக வெட்டினேன். முப்பது வயதில் உங்கள் ஓராண்டுச் சம்பளம் சேமிப்பில் இருக்க வேண்டும். நாற்பதில் மூன்றாண்டுச் சம்பளம். ஐம்பதில் ஆறாண்டு. அறுபதில் எட்டாண்டு. 'ஓராண்டுச்' என்பதில் ச் விடுபட்டிருந்தது, போட்டேன். எனக்குப் போட முடிந்தது அது ஒன்றுதான்.

முப்பதில் என்னிடம் என்ன இருந்தது. முப்பதில் ஒரு சீட்டு இருந்தது, தெருக்கோடி மளிகைக்கடைக்காரர் பிடித்த சீட்டு, அதைக் கடைசித் தவணை வரை எடுக்காமல் பொறுமையாக இருந்தால் முழுத்தொகை என்று நான் பொறுமையாக இருந்தேன், மளிகைக்கடைக்காரர் பொறுமையாக இல்லை, ஒரு ஐப்பசியில் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார், போகும்போது என் வீட்டுக்கு ஒரு கிலோ கருப்பட்டி கொடுத்தனுப்பியிருந்தார், என்ன மனிதர். நாற்பதில் மனை. சாத்தூர் தாண்டி, ரோட்டை விட்டு உள்ளே, வேனில் கூட்டிப்போனார்கள், வேனில் மூன்று ப்ரூப் ரீடர்கள், ஒரு ஆசிரியை, பட்டாசுக் கம்பெனிக் கணக்கர், எல்லாருக்கும் பிரியாணி. இன்னும் பத்து வருடத்தில் இங்கே ரயில்வே ஸ்டேஷனே வரும் என்றான் வெள்ளைச் சட்டைக்காரன். நான் அவன் கொடுத்த நோட்டீசில் இருந்த பிழைகளைத் திருத்தி அவனிடமே கொடுத்தேன், அவன் ரொம்ப சந்தோஷப்பட்டான், சார் மாதிரி படித்தவர்கள் வந்தால்தான் நகருக்கே மதிப்பு என்றான், அந்த மதிப்பில் முன்பணம் கட்டினேன். இப்போது போனால் எல்லைக்கல்லே கருவேலங்காட்டுக்குள் இருக்கிறது. அங்கே நின்ற ஒரே ரயில் அந்த வேன்தான். ஐம்பதில் மகள் கல்யாணம், அதற்காக வருங்கால வைப்புநிதியில் எடுத்தது, பிறகு அவள் தலைப்பிரசவத்துக்கு எடுத்தது. வருங்கால வைப்பு நிதி. நல்ல தமிழ்தான். நிகழ்காலம் வந்து அதை எடுத்துக்கொண்டு போனது. எங்கள் கம்ப்யூட்டர் பகுதியில் பிரவீணா என்று ஒரு பெண், இருபத்தாறு வயது, மாதம் முதல் தேதி வந்ததும் போனைத் தட்டி எதிலோ போட்டுவிடுகிறாள், சம்பளம் அவள் கையைத் தொடுவதே இல்லை. "சார், உங்க வயசு வரும்போது எனக்கு இவ்வளவு இருக்கும்" என்று ஒரு கோட்டைக் காட்டினாள், கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது, போன் முடிகிற இடத்தில்தான் நின்றது. நல்லா இரும்மா என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லிவிட்டு என் மேசைக்கு வந்ததும் ஒரு தாளில் என் கோட்டையும் போட்டுப் பார்த்தேன். அது தாளின் அடியிலேயே கிடந்தது.

இத்தனையையும் நான் இத்தனை வருடம் எப்படித் தாங்கினேன் என்றால் அந்த இரண்டு வயதால்தான். எந்தக் கட்டுரையில் எந்தப் பட்டியல் வந்தாலும், இந்த வயதில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று எவன் விரலை நீட்டினாலும், நான் மனதுக்குள் இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொள்வேன். அது என் சான்றிதழ் வயது ஐயா, என் சொந்த வயது இல்லை, எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் தலையணை உறைக்குள் வைத்திருக்கிற பணம் மாதிரி. வங்கியில் இல்லாதவன் வயதில் சேர்த்துவைத்திருந்தேன். அது எப்படி வந்த சேமிப்பு என்றால், அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில், நடுவே ஓடைக்காடு. பெண்பிள்ளையைத் தனியாக அனுப்ப அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பா பருத்தி மண்டியில் எடை போடுகிறவர், எதையும் சமன் செய்து முள்ளை நடுவில் நிறுத்தத் தெரிந்தவர். அக்காவுக்கு ஐந்தானதும் துணைக்கு என்று மூன்று வயதுப் பிள்ளையான என்னையும் கையோடு கூட்டிப்போய், ஐந்து முடிந்துவிட்டது என்று சொல்லி, ஒரே வகுப்பில் ஒரே நாளில் சேர்த்துவிட்டார். தலைமையாசிரியர் இருவருக்கும் ஜூன் ஒன்று என்றே போட்டார், வருடத்தையும் மாற்றவில்லை. காகிதத்தில் நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். "உங்க அக்கா படிக்க நீதான்லே ரெண்டு வயசு குடுத்தே, அதை மறக்காத" என்று அப்பா என்னிடம் சொல்வார், தனியாக, அவள் இல்லாத சமயமாகப் பார்த்து. அந்தப் படிப்பில்தான் அவள் அரசுப் பள்ளி ஆசிரியை ஆனாள். அவர்களுக்கு அறுபதில் ஓய்வு, எனக்கு ஐம்பத்தெட்டில். ஓய்வுக்குப் பிறகு அவளுக்குச் சாகும்வரை பென்ஷன், எனக்குச் சாகும்வரை சாகாமல் இருக்கிற செலவு. நான் அவளிடம் இதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமல் வைத்திருப்பதில் ஒரு சுகம் உண்டு, அதற்கும் வட்டி சேரும்.

சின்ன முதலாளி தனபாலன் நல்ல பையன். பையன் என்று சொல்லக் கூடாது, என் சம்பளத்தில் கையெழுத்துப் போடுகிறவர், ஆனால் அவர் முதல் முதலாக எழுதிய 'அ'-வில் நான் பிழை பார்த்திருக்கிறேன். போன வாரம் அறைக்கு வெளியே அரைமணி நேரம் வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனதும் எல்லாம் சரிந்து, "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கட்டுமா" என்று மட்டும் கேட்டேன், சத்திரத்தில் தங்க இடம் கேட்பதுபோல. அவர் எழுந்தே விட்டார். "சார், உங்களுக்கு எக்ஸ்டென்ஷன் குடுத்தா பைண்டிங்ல இருந்து எல்லாரும் நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து யாருக்கும் குடுத்ததில்லை." நான் ஏதோ உளறிக்கொண்டே அக்கா கதையைச் சொன்னேன், உண்மை வயது, சான்றிதழ் வயது, ஓடைக்காடு. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று, "ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளை இல்லையே?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தேதின்னா ஒரு தேதி தப்பு. தப்பைத் திருத்துறது எக்ஸ்டென்ஷன் இல்லையே சார்? அதைச் சொன்னா பைண்டிங்காரன் வாய மூடிக்கிடுவான். அக்காவ ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க, ஆடிட்டரும் இருப்பார், அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும்." எனக்கு அவர் காலைத் தொடலாம் போலிருந்தது. ஒரு தேதி தப்பு. எவ்வளவு சுத்தமான தர்க்கம். எந்தத் தேதி என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"என்ன ப்ரூப் ரீடரே, பொண்ணு பாக்கப் போறீரா?" என்கிறார் கந்தவேல், நுரைக்குள்ளிருந்து. முதலாளியைப் பார்க்கப் போகிறேன், டீச்சர் அக்காவும் வருகிறாள் என்று ஜூன் ஒன்று கதையை இரண்டு வரியில் சொல்கிறேன். "அதுக்கு எதுக்கு டை? எனக்கெல்லாம் மாசம் பிறந்தா தலை கறுப்பா வெளுப்பான்னு பாக்காம பணம் விழுது. வருஷத்துக்கு ஒரு தடவை போய், இந்தா உயிரோட இருக்கேன்னு காட்டினாப் போதும்." இசக்கி கத்தியைத் தீட்டிக்கொண்டே, "அதுக்கும் எங்கிட்டச் சேவிங் பண்ணிட்டுத்தான போறீக. இல்லேன்னா செத்த ஆளுன்னு திருப்பி அனுப்பிருவான்" என்கிறான். கந்தவேல் சிரிக்கிறார், சிரித்தால் வெட்டுப்படும் என்று அவன் தாடையைப் பிடித்துக்கொள்கிறான். "உனக்கு என்னடா ஏற்பாடு, வயசான காலத்துக்கு?" "எனக்கா? கை நடுங்க ஆரம்பிச்ச அன்னைக்கு ரிட்டயர்மெண்ட். அதுக்கப்புறம் எவன் கழுத்தக் குடுப்பான்?" சொல்லிவிட்டுக் கையை நீட்டி வெளிச்சத்தில் பார்த்துக்கொள்கிறான், விளையாட்டாகத்தான், ஆனால் கொஞ்சம் அதிக நேரம் பார்க்கிறான். எனக்குக் கண்ணாடி இல்லை, அது நடுங்குகிறதா என்று தெரியவில்லை. நீண்ட ஆயுள் வேண்டும் என்று கும்பிடாத ஆள் இந்த ஊரில் கிடையாது. நீண்டால் சாப்பாடு யார் கணக்கில் என்று எந்த மந்திரத்திலும் இல்லை. அப்பா எண்பத்தொன்று வரை இருந்தார், கடைசிப் பத்து வருடம் அக்கா வீட்டில், அக்கா சம்பளத்தில். அவருக்குச் சேமிப்பு என்று நாங்கள்தான் இருந்தோம், அதிலும் அவள்தான் விளைந்த பாதி.

போன் அதிர்கிறது. அக்கா. காதில் வைக்கப் போனவனை இசக்கி அலறி நிறுத்துகிறான், காதில் வைத்தால் போனும் கறுப்பு, காதும் கறுப்பு. ஆகவே ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைக்கிறேன், என் அக்கா குரல் சலூன் முழுக்க நிரம்புகிறது. "எலேய் பாலு, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கேன். பஸ் நிக்கி. ஏறுறதுக்கு முன்ன ஒண்ணு கேக்கணும்." கேள் என்கிறேன். "ராத்திரி பூரா தூக்கமில்ல. நான் அங்க வந்து என்ன சொல்லணும்ங்கே?" "என்னக்கா, உனக்குத் தெரியாததா? துணைக்கு ஆள் வேணும்னு அப்பா எனக்கு ரெண்டு வயசு கூட்டிப்போட்டது." அந்தப் பக்கம் கண்டக்டர் சாத்தூர் சிவகாசி சாத்தூர் சிவகாசி என்று கத்துகிறான். பிறகு, "உங்கிட்ட அப்படியா சொன்னாரு?" என்கிறாள். போனின் சத்தத்தைக் குறைக்கப் பார்க்கிறேன், கண்ணாடி இல்லாமல் பொத்தான் தெரியவில்லை. "எங்கிட்ட அப்படிச் சொல்லலியேடா. நீ பயந்தாங்கொள்ளி, அம்மா சேலைய விட மாட்டே, உனக்கு அஞ்சு ஆகுற வரைக்கும் என்னை ரெண்டு வருஷம் வீட்டுலயே நிறுத்தி வச்சு, வயசக் குறைச்சுச் சொல்லி உங்கூடச் சேத்துவிட்டேன்னு சொன்னாரு. ஏழு வயசுல ஒண்ணாப்பு. தலைக்கு மேல கையப் போட்டுக் காதத் தொடச் சொன்னா எனக்குக் கை கழுத்து வரைக்கும் போவுது, கைய மடக்கிக்கிடுன்னு அப்பா காதுல சொன்னாரு. தம்பிக்காக ரெண்டு வயசு குடுத்திருக்கே, அவன்கிட்டச் சொல்லிக்காட்டாதேன்னு சத்தியம் வாங்கினாருடா." பக்கத்து நாற்காலியில் சவரக்கத்தி நிற்கிறது. "இத்தன வருஷம் நானும் சொல்லல, பாத்துக்கோ" என்கிறாள் அக்கா.

ஒரு நிமிஷம் இரு, வெச்சிடாதே, இல்லை வை, நானே கூப்பிடுறேன் என்று எதையோ சொல்லி அணைக்கிறேன். அப்பா. பருத்தி மண்டியில் முப்பது வருடம் நின்றவர். இரண்டு தட்டிலும் ஒரே படிக்கல்லை எப்படி வைத்தீர்கள்? இருவருக்கும் தனித்தனியாக, இருவரும் கொடுத்தவர்கள், இருவரும் பெரியமனசுக்காரர்கள், வாங்கியவர் யாருமே இல்லை. எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வராதது அதனால்தானா? நான் அவளைப் பொறுத்துக்கொண்டேன், அவள் என்னைப் பொறுத்துக்கொண்டாள், ஆளுக்கொரு தலையணைக்குள் ஆளுக்கு இரண்டு வயது. சரி, எது மூலப்படி? மூலப்படி இல்லாதபோது அச்சில் உள்ளதே நிற்கும் என்பது எங்கள் தொழிலில் விதி. அச்சில் இரட்டைப் பிள்ளைகள். யோசி. முதல்நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவப்புச் சாந்து பூசிய சுவர், தலைமையாசிரியரின் மேசைமேல் மைக்கூடு, அவர் என் பெயரைக் கேட்டது, நான் பால்வண்ணன் என்று திக்காமல் சொன்னது. இந்தக் காட்சியை எத்தனை முறை பெருமையாக நினைத்துப் பார்த்திருக்கிறேன், இப்போது அதே காட்சி எனக்கு எதிராக எழுந்து நிற்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு மைக்கூடு நினைவிருக்குமா? நினைவிருக்கிறதென்றால் எனக்கு அன்று ஐந்து. ஐந்தென்றால் இன்று சான்றிதழ் சொல்வதே சரி. இல்லை, பிறகு பார்த்த மைக்கூட்டை முதல்நாளில் கொண்டுபோய் வைத்துக்கொண்டேனோ? ஞாபகம் அப்படிச் செய்யும், மோசமான கம்போசிட்டர் அது, பக்கம் மாற்றி அடுக்கும். அந்த முதல் வருடத்தில் அக்காவுக்கு முன்பல் இல்லை. சிரிப்பாள், நடுவில் கறுப்பாக ஒரு சந்து தெரியும், அதற்குள் நாக்கை நீட்டி என்னைப் பழிப்பாள். முன்பல் விழுவது ஆறேழு வயதில். அது முதல் வகுப்பா, மூன்றாம் வகுப்பா? ஓடைக்காட்டில் யார் கையை யார் பிடித்திருந்தோம்? ஒரு கை இறுக்கமாகப் பிடித்திருந்தது, வியர்வையாக இருந்தது, அது நினைவிருக்கிறது, பிடித்தவன் நானா பிடிக்கப்பட்டவன் நானா? இரண்டு தட்டிலும் ஒவ்வொன்றாக வைத்தால் எனக்கு எதிர்த்தட்டு தாழ்கிறது. அப்படியானால் பட்டியலில் நான் நிற்கிற படி இதுதான். கீழே இறங்க இன்னொரு படி இல்லை. ஆறாண்டு, எட்டாண்டு என்று அவர்கள் கேட்பது என்னைத்தான், இந்த வயதிலுள்ள என்னைத்தான், எனக்குத் தெரியாமல் ஒருவன் என் பின்னால் இரண்டு வருடம் நடந்து வந்து இப்போது தோளைத் தொடுகிறான்.

"கழுவிரலாம் அண்ணாச்சி" என்று இசக்கி தலையைத் தொட்டியில் சாய்க்கிறான். குளிர்ந்த தண்ணீர், அரிப்பு ஒரே நொடியில் போகிறது, இவ்வளவு நேரம் அதுதான் என் ஒரே துன்பம் என்று நினைத்திருந்தவனுக்கு இப்போது அதுவும் துணைக்கு இல்லை. கறுத்த தண்ணீர் சுழன்று ஓட்டைக்குள் போகிறது. செண்பகவல்லி இந்நேரம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பாள். இரண்டு வருடச் சம்பளத்தில் என்னென்ன என்று அவள் எதையும் சொல்லவில்லை, ஆனால் இந்த வாரம் மட்டும் பால் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தாள், மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதை நிறுத்தியிருந்தாள். அவளிடம் போய், என் ஞாபகத்தில் மைக்கூடு இருக்கிறது, ஆகவே வேலை இல்லை என்று சொல்வதா? பைண்டிங்கில் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆறு மாதம் கழித்து வாசலில் வந்து நின்று சும்மா பார்த்துவிட்டுப் போவார்கள், காவலாளி முதலில் உள்ளே விடுவான், பிறகு பெயர் கேட்பான். எப்போதும் ஒரு வருடம் முன்னால் இருந்தே பழகியவன் நான், இனி ஊரோடு சேர்ந்து அன்றன்றைய தாளை அன்றன்று கிழிக்க வேண்டும். அடுத்த தீபாவளி என்ன கிழமை என்று நானும் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

துண்டால் துடைத்துக்கொண்டே கண்ணாடியை மாட்டுகிறேன். எதிரே ஒருவன் இருக்கிறான், முடி மட்டும் வேறு யாருடையதையோ எடுத்து வைத்ததுபோல. போன் மறுபடி அதிர்கிறது. இப்போது காதில் வைக்கலாம், ஆனால் விரல் பழக்கத்தில் ஸ்பீக்கரையே தட்டிவிடுகிறது. "எலேய், டிரைவர் ஏறிட்டான். நான் ஏறவா வேண்டாமா? நீ எதைச் சொல்லச் சொல்றியோ அதையே சொல்லிட்டுப் போறேன், எனக்கென்ன." நான் வாயைத் திறப்பதற்குள் கந்தவேல் நாற்காலியைத் திருப்பிவிட்டார். தாடையில் பாதி நுரை, பாதி தாடை. "அம்மா, நான் தாலுகா ஆபீசுல இருந்தவன். எதுக்கும் யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே தேதி, ஒண்ணு தப்புன்னு நீங்களே நாலு பேர் முன்னால ஒத்துக்கிட்டா, அது எந்தப் பக்கத்துத் தப்புன்னு எவனாவது கேப்பான். உங்க பக்கத்துத் தப்புன்னா இன்னைக்கே உங்களுக்கு அறுபது. ஒரு மொட்டைக் கடுதாசி போதும். வேலையும் போயி, வாங்கின சம்பளத்தையும் கட்டச் சொல்லுவான்." இசக்கி, "உமக்கு எதுக்கு சார் ஊர்ப் பஞ்சாயத்து, திரும்பும் இங்கிட்டு" என்று அவர் தலையைப் பிடித்துத் திருப்புகிறான். ஆனால் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கிறது. வேண்டாம் அக்கா, வீட்டுக்குப் போ, என்று சொல்ல வேண்டிய இடம் இது. நல்ல தம்பி இங்கே அதைச் சொல்வான். வாக்கியம் நாக்குநுனி வரை வருகிறது, வந்து நிற்கிறது, அதற்குப் பின்னால் உடைக்காத முழு மாத்திரை ஒன்று நிற்கிறது. "அக்கா," என்கிறேன், "எனக்கு வயசு குறைவுன்னு சொல்லாதே. உனக்குக் கூடுதல்னும் சொல்லாதே. நீ என்னைவிட ரெண்டு வயசு மூத்தவள்னு மட்டும் சொல்லு. அப்பா உங்கிட்டச் சொன்னதுலயும் அதுதான் இருக்கு, எங்கிட்டச் சொன்னதுலயும் அதுதான் இருக்கு. பொய் இல்ல. மிச்சத்தை முதலாளியே கூட்டிக் கழிச்சுக்கிடட்டும்." சொல்லும்போதே அந்த வாக்கியத்தின் அழகில் எனக்கே ஒரு அற்பச் சந்தோஷம் வருகிறது, வந்த வேகத்தில் வெட்கமும் வருகிறது. பள்ளிக்கூடத்தில் இத்தனை வருடம் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். "மிச்சத்தை அவரு என் பக்கம் கூட்டிட்டாருன்னா?" என்கிறாள். இசக்கியும் கந்தவேலும் என்னைப் பார்க்கிறார்கள், நான் மடியில் கிடக்கிற போனைப் பார்க்கிறேன். கண்டக்டர் விசில் ஊதுகிறான், யாரோ தள்ளி நில்லும்மா என்கிறார்கள், கம்பியில் வளையல் உரசுகிறது. பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கியபடி அவள் குரல் வருகிறது, என்னிடம் இல்லை, வேறு யாரிடமோ. "சிவகாசி ஒண்ணு."